காசநோய் வந்தால் நம் பெயர் எங்கெல்லாம் போகிறது?

மார்ச் 3, 2025 (வாசகர் கேள்வி)

தங்கைக்கு 23 வயது. ஒரு மாதமாக இருமல், சாயங்காலம் ஆனால் காய்ச்சல். தனியார் மருத்துவமனையில் காட்டினோம், காசநோய் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பேசுகிறோம் என்று போன். அவள் பெயர், வயது, தெரு எல்லாம் அவர்களே சொல்கிறார்கள். வீட்டுக்கு வர வேண்டுமாம், எங்கள் எல்லாரையும் பரிசோதிக்க வேண்டுமாம். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் இது. எங்களைக் கேட்காமல் மருத்துவமனை எப்படிச் சொல்லலாம்? பதிவை அழிக்கச் சொல்ல வழி உண்டா?

மார்ச் 3, இரவு 10.40

அந்த போனைச் செய்கிற வேலைதான் எனக்கும். வேறு மாவட்டம். 16 வருடமாக காசநோய்ப் பிரிவில் சிகிச்சை மேற்பார்வை. அதனால் நேராகச் சொல்கிறேன்: அழிக்க முடியாது. 2012 மே மாதம் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி காசநோயைக் கண்டுபிடிக்கிற எந்த மருத்துவரும், தனியார் உள்பட, அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2018 மார்ச்சில் அரசிதழ் அறிவிப்பு வந்து, சொல்லாமல் விட்டால் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகளில் வழக்குப் போடலாம் என்றும் ஆனது. மருந்துக்கடைக்கும் ஆய்வகத்துக்கும்கூட இதே கடமைதான். உங்களிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று அதில் கிடையாது. நம் ஊருக்கு இது புதிதும் இல்லை, 1939ஆம் ஆண்டு சென்னை பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே சில நோய்களை மருத்துவர் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது.

பதிவு போகிற மத்திய அரசின் இணையத் தளத்தின் பெயர் நிக்‌ஷய். தங்கைக்கு அதில் ஒரு எண் விழுந்திருக்கும். பெயர், வயது, முகவரி, போன், நோய் எந்த உறுப்பில், சர்க்கரை உண்டா, எச்ஐவி பரிசோதனை முடிவு, வீட்டில் எத்தனை பேர், வங்கிக் கணக்கு. இவ்வளவும் அந்த எண்ணுக்குக் கீழே வரும்.

மார்ச் 4, காலை

ராத்திரி எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். நீங்கள் கேட்டது பயத்தில். அதற்குப் பதில் எழுதவே இல்லை.

முதலில் போன் எண். எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று இன்றே கேளுங்கள். உங்கள் எண் என்றால், அது தங்கைக்குச் சம்மதமா? எங்கள் பகுதியில் ஒரு அம்மா, 40 வயது இருக்கும், சொந்த போன் கிடையாது. பதிவு போடும்போது நான் "ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்க" என்றேன், அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நம்பரைச் சொன்னார். நானும் ஏற்றிவிட்டேன். காசநோயாளிகளுக்கு அரசு தருகிற உதவித்தொகை கணக்கில் ஏறியதும் குறுஞ்செய்தி அந்தப் பெண்ணுக்குப் போயிற்று. அதில் திட்டத்தின் பெயர் இருந்தது. அதைத் தேடிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த வாரம் நான் போனபோது அந்த அம்மாவுக்குப் பொதுக்குழாயில் தனி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எல்லாரும் பிடித்து முடித்த பிறகு. குடம் வாசலிலேயே கவிழ்த்து வைத்திருந்தது. "நீங்க யார்கிட்டயும் சொல்லலன்னு எனக்குத் தெரியும் அக்கா" என்றார். ஆனால் அந்த நம்பரை ஏற்றியது என் விரல்தான். அன்றிலிருந்து "யார் நம்பர் இது, அவருக்குத் தெரிந்தால் பரவாயில்லையா" என்று கேட்காமல் அந்தக் கட்டத்தை நிரப்புவதில்லை.

இரண்டாவது, வீட்டுக்கு வருவது. வருகிறவரிடம் ஜீப்பில் வராதீர்கள், வாசலில் நின்று நோய்ப் பெயரைச் சொல்லாதீர்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மருத்துவமனையிலேயே சந்திக்கலாமா என்றும் கேட்கலாம். ஆனால் வீட்டில் இருப்பவர்களின் பரிசோதனையை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள், முக்கியமாக 5 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால். உங்கள் தங்கையின் பெயர் எங்கள் கைக்கு வருவதில் நேரடியான நன்மை என்றால் அதுதான்.

ஆதார் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அது உதவித்தொகைக்கு. 2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1000. ஆதார் இல்லை என்று மாத்திரை கொடுக்காமல் அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை.

மார்ச் 6

"எண்ணிக்கை போதாதா, பெயர் எதற்கு?" என்று ஒருவர். நியாயமான கேள்வி. நானே வருடக்கணக்காகக் கேட்டது.

காசநோயை விட்டு மற்ற நோய்களைப் பாருங்கள். 2004 நவம்பரில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது. வாரா வாரம் மூன்று படிவம். கிராம சுகாதார செவிலியர் அறிகுறியை வைத்துப் போடுவது எஸ் படிவம். மருத்துவர் சந்தேகிப்பது பி. ஆய்வகம் உறுதி செய்வது எல். திங்கள் முதல் ஞாயிறு வரை கணக்கு. என் அக்கா மகள் கிராம சுகாதார செவிலியர், சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காய்ச்சல் 7, வயிற்றுப்போக்கு 4 என்று கோடு கிழித்து எண்ணுவாள். காகிதத்தில் பெயரே கிடையாது. 4 என்பது வழக்கமாக 1 ஆக இருக்கிற ஊரில் வந்தால் தண்ணீர்த் தொட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அதற்கு யாருக்கு வயிற்றுப்போக்கு என்று டெல்லிக்குத் தெரிய வேண்டியதில்லை.

இப்போது அந்த இடத்தில் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம். 2018இல் ஏழு மாநிலத்தில் தொடங்கி 2021 ஏப்ரலில் நாடு முழுக்க. வாரக் கணக்கு போய் அன்றாடக் கணக்கு, எண்ணிக்கை போய் ஒவ்வொரு ஆளும் தனிப் பதிவு, வரைபடத்தில் புள்ளியும் விழுகிறது. வேகம் கூடியிருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. டெங்குவில் ஒரு வாரம் என்பது கொசு ஒரு தலைமுறை வளர்கிற காலம். ஆனால் என் கட்சி இதுதான்: வீட்டுக்கு நடந்து போகிறவள் கையில் பெயர் இருக்கட்டும், அதற்கு மேலே போவது எண்ணாக மட்டும் போகட்டும்.

மார்ச் 6, மாலை

திருத்தம். "காகிதத்தில் பெயரே கிடையாது" என்று எழுதியது தவறு. ஆய்வக நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார். எல் படிவத்தின் அடியில் பாசிட்டிவ் வந்தவர்களின் பெயர், வயது, ஊர், என்ன பரிசோதனை என்று ஒரு பட்டியல் உண்டு, மலேரியா தவிர. எஸ், பி இரண்டிலும்தான் எண்ணிக்கை மட்டும். நான் அந்த இரண்டையே பார்த்துப் பழகியவள். நன்றி.

மார்ச் 9

கொரோனாவைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது என்று மூன்று பேர்.

2020 நினைவிருக்கிறதா? வாசலில் ஸ்டிக்கர். தெருமுனையில் தகரம். ஸ்டிக்கரில் குடும்பத் தலைவர் பெயரையே எழுதிய ஊர்களும் உண்டு. ஒட்டுகிற குழுவில் நானும் ஒரு வாரம் போனேன். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டு முன் நின்றபோது உள்ளேயிருந்து ஒரு பெரியவர், "அம்மா, கொஞ்சம் உள்பக்கமாக ஒட்டுங்கள், கதவு திறந்தால் தெரிகிற மாதிரி" என்று கேட்டார். ஒட்டினேன். கூட வந்தவர் அதைப் பிய்த்து வெளியே ஒட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மேலே போட்டோ அனுப்ப வேண்டியிருந்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி உரிய அதிகாரி உத்தரவு போட்டாலொழிய இப்படி ஒட்டக்கூடாது என்று சொன்னது. அதற்குள் ஒட்டி முடித்திருந்தோம்.

அந்த நாட்களில் தமிழ்நாட்டில் தினமும் மாலை வந்த அறிக்கையில் இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி இருக்கும். பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, மாவட்டம், எந்த மருத்துவமனை, சர்க்கரையா ரத்த அழுத்தமா, சேர்த்த நாள், இறந்த நாள். சென்னையில் அது ஆயிரத்தில் ஒன்று. சின்ன மாவட்டத்தில் அன்று ஒரே ஒரு சாவு என்றால் அது யார் என்று டீக்கடைக்கே தெரியும். பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நினைப்பது பெரிய ஊர்க்காரர்களின் கணக்கு.

ஆனால் அதே அறிக்கையை நான் மதிக்கவும் செய்கிறேன், இதையும் சொல்லியாக வேண்டும். அப்படி ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக எழுதி வைத்ததால்தான் கணக்கை வெளியே இருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 2020 ஜூலையில் சென்னையில் விடுபட்ட 444 இறப்புகளை அரசே சேர்த்தது. வெறும் மொத்த எண்ணிக்கை மட்டும் வந்திருந்தால் எது விடுபட்டது என்று யார் காட்டியிருக்க முடியும்?

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2017 ஆகஸ்ட் தீர்ப்பில் இதே விஷயம் வருகிறது. மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து கொள்ளை நோய் பற்றிய தகவலை அரசு எடுத்துப் பயன்படுத்தலாம், ஆள் அடையாளம் மறைக்கப்பட்டிருந்தால் அது நியாயமான அரசு நோக்கமே என்கிறார்கள். அடையாளம் மறைப்பது என்றால் சின்ன ஊரில் என்ன செய்வது என்பதை எங்களைப் போன்றவர்கள்தான் தினமும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மார்ச் 12

எச்ஐவி பற்றி எழுதச் சொன்னவருக்கு.

இந்தியாவில் முதல் எச்ஐவி தொற்று தெரிய வந்தது சென்னையில், 1986. மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவியாக இருந்த நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள். வேலூரில் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். பிறகு பல வருடம் நாட்டின் எச்ஐவி கணக்கு எப்படி வந்தது தெரியுமா? கர்ப்பிணிகளுக்கு வேறு பரிசோதனைக்காக எடுத்த ரத்தத்தில் மீதியை, பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு, யாருடையது என்று யாருமே திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி சோதித்தார்கள். கணக்கு கிடைத்தது, ஒருவர் பெயரும் வெளியே போகவில்லை. நான் மார்ச் 6இல் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதும்போதே உறுத்துகிறது. பெயர் இல்லாத அந்தச் சோதனைக் குழாயில் பாசிட்டிவ் வந்த பெண்ணுக்கு யார் போய்ச் சொல்வது? யாருமே சொல்ல முடியாது. அதற்குத்தான் தனியாக ஆலோசனையும் பரிசோதனையும் வைத்தார்கள், ஆனால் எல்லாப் பெண்களும் அங்கே போகவில்லையே.

எச்ஐவிக்கு 2017இல் தனிச் சட்டமே வந்துவிட்டது, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் ஒருவரின் நிலையை வெளியிடக்கூடாது. பதிவு வைத்திருக்கிற நிறுவனம் அதைப் பாதுகாக்க ஏற்பாடு செய்ய வேண்டும். காசநோய்க்கு அப்படி எதுவும் தனியாக இல்லை. ஆனால் காசநோய் அட்டையிலேயே எச்ஐவி முடிவும் ஏறுகிறதே! நான் சேர்ந்த புதிதில் ஒரு இடத்தில் அட்டையின் வலது மூலையில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவார்கள். மறைவாக எழுதுகிறோம் என்று நினைப்பு. வார்டில் தரை துடைக்கிறவரிலிருந்து பக்கத்துக் கட்டில்காரர் வரை வட்டம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். எச்ஐவி என்பதற்குப் பதிலாக "ரெட்ரோ" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதும் இப்படித்தான். எல்லாருக்கும் அர்த்தம் தெரிந்த ரகசியக் குறியை ஏன் வைத்திருக்கிறோம் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். வட்டம் நின்றது. அதன் பிறகு நீல மையில் ஒரு புள்ளி வந்தது.

மார்ச் 15

மார்ச் 6ஐத் திரும்ப எடுக்கிறேன். "மேலே போவது எண்ணாக மட்டும் போகட்டும்" என்று எழுதினேன் அல்லவா, நேற்று முன்தினம் நடந்ததைக் கேளுங்கள்.

ஹோலி. பனியன் கம்பெனிகளில் வடமாநிலப் பையன்கள் பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். என் பட்டியலில் ஜார்க்கண்ட் பையன் ஒருவன், 20 வயது, இரண்டாவது மாதச் சிகிச்சை. போன் அணைந்திருக்கிறது. அறைக்குப் போனேன். எட்டுப் பேர் தங்கும் அறையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். தன்பாத் ரயிலில் போய்விட்டான் என்றார்கள். அவன் பாயைச் சுருட்டி வைத்திருந்த இடத்தில் ஜன்னல் மேல் மாத்திரை அட்டை ஒன்று பாதி காலியாகக் கிடந்தது.

பத்து வருடம் முன்பாக இருந்தால் ஒரு மாற்றுப் படிவம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு, பதிவேட்டில் "மாற்றப்பட்டார்" என்று எழுதி முடித்திருப்பேன். அந்தப் படிவம் போய்ச் சேர்ந்ததா என்பது கடவுளுக்கே வெளிச்சம். இப்போது நிக்‌ஷயில் அவன் எண்ணைத் தட்டி அவன் மாவட்டத்துக்கு மாற்றினேன். அங்கே இருக்கிற மேற்பார்வையாளர் மறுநாளே அழைத்தார். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. "மில் கயா, தீதி" (கிடைத்துவிட்டான், அக்கா) என்றார், அது புரிந்தது. பையனுக்கு மூன்று நாள் மாத்திரைதான் விட்டுப் போயிருக்கிறது.

அவன் பெயரும் அப்பா பெயரும் ஊரும் மேலே போகாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. 2024இல் நாட்டில் பதிவான காசநோயாளிகள் 26 லட்சத்துக்கு மேல். அதில் இப்படி ஊர் விட்டு ஊர் போகிறவர்கள்தான் பாதியில் மருந்தை விடுகிறவர்கள் என்பது என் அனுபவம். அதனால் பெயர் மேலே போகக்கூடாது என்ற என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். இப்போது நான் கேட்பது வேறு. பெயரை யார் திறந்து பார்த்தார்கள், எத்தனை மணிக்கு, எதற்காக என்பது பதிவாக வேண்டும். அந்தப் பதிவை நோயாளி கேட்டால் காட்ட வேண்டும். வங்கிக் கணக்கில் யார் பணம் எடுத்தார்கள் என்று பாஸ்புக் சொல்கிறதே, அதுபோல.

மார்ச் 17

"எல்லாம் ஹேக்கர்கள் கையில்தான் போகிறது, 2023இல் கோவின் தடுப்பூசித் தளத்து விவரமெல்லாம் டெலிகிராமில் வந்ததே" என்று ஒருவர். வந்தது, உண்மை, அது சாதாரண விஷயமும் இல்லை. ஆனால் என் 16 வருடத்தில் என் நோயாளிகள் யாருக்கும் ஹேக்கரால் கல்யாணம் நின்றதில்லை. புறநோயாளி வரிசையில் பெயரோடு நோயையும் கூப்பிட்டதால் நின்றிருக்கிறது. பதிவேட்டைப் பக்கத்தோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதால் ஒருவருக்கு வேலை போயிருக்கிறது, குழுவில் இருந்த ஒருவரின் மாமனார்தான் அந்தக் கம்பெனி மேஸ்திரி.

மார்ச் 24

இன்று உலக காசநோய் நாள். கோச் 1882இல் கிருமியை அறிவித்த நாள். ஒரு நிகழ்ச்சியில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஊர் வேண்டாம்.

மேடையில் ஊட்டச்சத்துப் பை கொடுக்கிறார்கள். பருப்பு, கடலை, எண்ணெய், சத்துமாவு. கொடுக்கிறவர்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள், அந்தப் பை வந்ததால் எடை கூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பின்னால் பேனரில் கொட்டை எழுத்தில் "காசநோயாளிகளுக்கு". முன்னால் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, பையை ஒரு கையில் பிடித்தபடி கேமராவைப் பார்க்கச் சொல்கிறார்கள். என்னோடு வந்த பெண் முகக்கவசத்தைக் கண்வரைக்கும் ஏற்றிக்கொண்டாள். "கொஞ்சம் இறக்குங்கம்மா" என்றார் போட்டோகிராபர். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து போய் "அவருக்கு இன்னும் இருமல் இருக்கிறது, கவசம் இருக்கட்டும்" என்றேன். இருமல் நின்று ஒரு மாதம் ஆகிறது. பொய்தான்.

உள்ளே நிக்‌ஷயில் கடவுச்சொல், ஓ.டி.பி. எல்லாம் வைத்திருக்கிறோம். நாளைக் காலை செய்தித்தாளில் முகம் வரும்.

மார்ச் 29

பேச்சு வேறு பக்கம் போகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். தனியார் மருத்துவர்கள் ஏன் சரியாகத் தெரிவிப்பதில்லை என்ற கேள்வி. தண்டனை பயத்தில் யாரும் மனதோடு செய்வதில்லை. 1980களில் வட ஆற்காடு மாவட்டத்தில் வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவர் ஜேக்கப் ஜான் குழு நடத்திய கண்காணிப்பைப் பற்றி மூத்தவர்கள் சொல்வார்கள். மருத்துவர்கள் தாங்கள் பார்த்த நோய்களை அஞ்சலட்டையில் எழுதிப் போட்டார்கள். கணினி எதுவும் கிடையாது. அனுப்பியவர்களுக்கு மாவட்டத்தில் என்ன நோய் எங்கே ஓடுகிறது என்று மாதாமாதம் ஒரு மடல் திரும்பி வந்தது. ஒரு மருத்துவருக்கு அது எவ்வளவு பயன்! பக்கத்து ஊரில் மஞ்சள் காமாலை என்றால் நாளை தன் கிளினிக்குக்கு என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறது. இன்று நாங்கள் தினமும் ஏற்றுகிறோம். ஏற்றியவளுக்குத் திரும்பி வருவது "உங்கள் பதிவு 83 சதவீதம், ஏன் குறைவு" என்ற கேள்விதான். நோயாளிக்கு அதுவும் வருவதில்லை.

ஏப்ரல் 11

முதலில் கேட்டவர் தகவல் அனுப்பியிருக்கிறார். பதிவில் இருந்த எண்ணை மாற்றிவிட்டார்களாம். தங்கை தன் சொந்த எண்ணைக் கொடுத்திருக்கிறாள். அண்ணனுக்கு இனிமேல் எந்தச் செய்தியும் வராது, அதுதான் தனக்கு வேண்டும் என்று அவளே சொன்னாளாம். வீட்டில் அம்மாவுக்கும் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள், ஒன்றுமில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை ஆறு மாதம் முடியட்டும், நானே முடிவு செய்கிறேன் என்றிருக்கிறாள்.

எங்கள் வட்டாரக் குழுவில் நானும் ஒன்று சொல்லிப் பார்த்தேன்: பதிவேட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட வேண்டாம், நிக்‌ஷய் எண் மட்டும் போடுவோம். 11 பேரில் 9 பேர் மாறிவிட்டார்கள். மீதி இரண்டு பேருக்கு எண்ணைத் தேடி எடுப்பது நேரம் பிடிக்கிறதாம், அதில் ஒருவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். திங்கட்கிழமை அவரோடு உட்கார்ந்து அவர் பட்டியலில் இருக்கிற 38 பேரின் எண்ணையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அந்தத் தாளை எங்கே பூட்டி வைப்பது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறோம்.